காக்காப்பொன்: ஒரு நகரத்தின் கழிபொருள்களும் அவற்றின் பெயர்களும்

சற்று நீண்ட பதிவு. நேரம் வாய்க்கும்போது வாசிக்க வேண்டுகிறேன்.

ஆற்று மணலில் மின்னும் சிறு செதில்களைப் பொறுக்கிக்கொண்டு, பொன் கிடைத்துவிட்டதென்று ஓடிவரும் குழந்தைக்கு வீட்டில் கிடைக்கும் மறுமொழி, “அது காக்காப்பொன்” என்பதுதான். அப்பிரகத்துக்குத் தமிழில் வழங்கும் பெயர் அது. பார்வைக்குப் பொன்; சந்தைக்கு மண். கன்னடத்தில் அதே பொருளுக்குக் ‘காகெபங்கார’ என்று பெயர். ‘காகெ’ என்பது காக்கை, ‘பங்கார’ என்பது பொன். நம்முடைய ‘பொன்’னுக்கு நேர் உறவான ‘ஹொன்னு’ கன்னடத்தில் இருக்கிறது. ஆயினும் இந்தச் சொல்லில் ‘பங்கார’ வந்து அமர்ந்திருக்கிறது. சொல் வேறாகவும் எண்ணம் ஒன்றாகவும் நிற்கும் இத்தகைய இணைகளை, இரு மொழி பேசுவோர் நெடுங்காலம் அருகருகே உழைத்து வாழ்ந்ததன் தடயங்களாக மொழியியலார் கருதுவர்.

‘காகெபங்கார’ என்பது பெங்களூர்க் கலைஞர் ஷீலா கௌடாவின் படைப்பு ஒன்றின் தலைப்பும் ஆகும். தார் வந்த இரும்பு டிரம்கள், அவற்றை வெட்டி நிமிர்த்திய தகடுகள், தார்ப்பாய்கள், சிறிதளவு அப்பிரகம் ஆகியவற்றால் ஆன நிறுவல் கலைப்படைப்பு அது. நகரம் பயன்படுத்தி எறிந்த பொருள்களைக் காட்சிக்கூடத்துக்குக் கொண்டுவரும் கலைஞர்கள் இன்று உலகெங்கும் இருக்கிறார்கள். இந்தப் பதிவு அந்தப் பொருள்களின் முந்தைய வரலாற்றைப் பற்றியது. காட்சிக்கூடத்துக்கு வருமுன் அவை எவர் கையில் இருந்தன, அந்தக் கைகள் அவற்றை என்ன பெயரிட்டு அழைத்தன என்பதே என் கேள்வி.

ஷீலா கௌடா 1957-இல் பத்ராவதியில் பிறந்தவர். பெங்களூரில் ஆர். எம். ஹடபத் நிறுவிய கென் கலைப்பள்ளியிலும், பின்னர் சாந்திநிகேதனிலும், லண்டன் ராயல் கலைக் கல்லூரியிலும் ஓவியம் பயின்றவர். 1990களின் தொடக்கத்தில் தூரிகையிலிருந்து விலகிச் சாணம், குங்குமம், நூல், ஊசி போன்ற வீட்டுப் பொருள்களை எடுத்துக்கொண்டார். அதன்பின் அவர் கவனம் வீட்டிலிருந்து தெருவுக்கு நகர்ந்தது. தெருவில் அவருக்குக் கிடைத்தது தார் டிரம்.

தார் டிரம்மின் வாழ்க்கை சுவையானது. சுத்திகரிப்பு ஆலையிலிருந்து தாரைச் சுமந்து வரும் இந்த உருளைகள் சுமார் 200 லிட்டர் கொள்பவை. எண்ணெய் டிரம்மைக் கழுவி மீண்டும் பயன்படுத்தலாம். தார் டிரம்மை அப்படிச் செய்ய இயலாது. உள்ளே ஒட்டிய தார் விடாது. எனவே தாரைக் காய்ச்சி ஊற்றிய பின் சாலை ஓரத்தில் வெற்று டிரம்கள் குவியும். அவற்றின் அடியையும் மூடியையும் நீக்கி, பக்கவாட்டில் வெட்டி, அடித்து நிமிர்த்தினால் ஏறத்தாழ 6 அடிக்கு 3 அடி அளவில் ஒரு தகடு கிடைக்கும். அதில் படிந்திருக்கும் தார்ப் பூச்சே துருவையும் தடுக்கும். பத்துப் பன்னிரண்டு டிரம்கள் இருந்தால், சாலை போட வந்த ஒரு குடும்பத்துக்குச் சுவரும் கூரையும் ஆகிவிடும். பகலில் அடுப்பாகக் காயும், மழைக்கு ஒழுகாது. சாலை முன்னேற முன்னேற வீடும் பெயர்ந்து முன்னேறும்.

2006-இல் ஷீலா கௌடா உருவாக்கிய ‘டார்க்ரூம்’ இந்த வீட்டிலிருந்து பிறந்தது. ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்திய டிரம்கள் முகப்பில் தூண்களாக நிற்கின்றன. தொலைவிலிருந்து பார்ப்போருக்குப் பழைய அரண்மனையின் தூண்வரிசை நினைவுக்கு வரலாம். நெருங்கினால் நிமிர்த்திய தகடுகளால் ஆன குடிசை. குனிந்து உள்ளே நுழைந்தால் இருள். தலைக்கு மேல், தகட்டுக் கூரையில் இட்ட நுண்துளைகளின் வழியாக ஒளி இறங்கி, விண்மீன்கள் நிறைந்த வானமாகத் தெரிகிறது. தலைப்பை ‘இருட்டறை’ என்று தமிழாக்கலாம். ஒளிப்படம் கழுவும் அறைக்கும், ஒளி புகாத வாழ்விடத்துக்கும் அச்சொல் பொருந்துகிறது. 2008 டிசம்பரில் லண்டன் செர்பென்டைன் காட்சிக்கூடத்தில் தொடங்கி, ஐரோப்பிய நகரங்கள் பலவற்றுக்குச் சென்ற ‘இந்தியன் ஹைவே’ கண்காட்சியில் இப்படைப்பு இடம்பெற்றது. நெடுஞ்சாலை என்ற பெயரிட்ட கண்காட்சியில், நெடுஞ்சாலை போட்டவரின் வீடு சென்று நின்றது.

இங்கே ஒரு சட்டத்தை நினைவுகூர வேண்டும். 1996-இல் இயற்றப்பட்ட கட்டட மற்றும் பிற கட்டுமானத் தொழிலாளர் சட்டத்தின் 34ஆம் பிரிவு, பணியிடத்திலோ அதற்கு இயன்றவரை அருகிலோ தொழிலாளருக்குக் கட்டணமின்றித் தற்காலிகத் தங்குமிடம் அளிப்பது வேலை கொடுப்பவரின் கடமை என்றது. சமைக்கவும் குளிக்கவும் துவைக்கவும் தனி இடம், கழிப்பிடம் ஆகியவற்றையும் அது கேட்டது. சாலைப் பணியும் இச்சட்டத்துக்குள் அடங்கியிருந்தது. சட்டம் வந்து 10 ஆண்டுகள் கழித்து ஒரு கலைஞர் தம் நகரத்தின் சாலையோரத்தில் கண்டது தார்த் தகட்டுக் குடிசையை.

அதே பிரிவில் அதிகம் பேசப்படாத மற்றொரு விதி இருந்தது. வேலை முடிந்ததும் அந்தத் தற்காலிகக் கட்டுமானங்களை வேலை கொடுப்பவர் தம் செலவில் அகற்றி, நிலத்தைச் சமன்செய்து தூய்மையாக ஒப்படைக்க வேண்டியிருந்தது. நிர்வாக நோக்கில் இது நியாயமான விதி. வரலாற்று நோக்கில் இதன் விளைவு வேறு. சாலை நிற்கும், அதைப் போட்டவர் வாழ்ந்த இடம் தடமின்றி மறையும். மறைவதே ஒழுங்கு. நகராட்சி ஆவணத்தில் சாலையின் நீளம் இருக்கும், ஒப்பந்தத் தொகை இருக்கும்; எத்தனை குழந்தைகள் அந்தத் தகட்டுக் கூரையின் கீழ் உறங்கின என்பது எந்தப் பதிவேட்டிலும் இராது. அந்த வகையில் ‘டார்க்ரூம்’ ஒரு கலைப்படைப்பாக இருப்பதோடு, ஆவணக் காப்பகத்தில் இல்லாத ஒரு பக்கமாகவும் இருக்கிறது.

அந்தக் கூரையின் கீழ் வாழ்ந்தவர் யார்? பெங்களூரின் உழைப்பாளர் வரலாறு பல மொழிகளில் எழுதப்பட வேண்டியது. 1809-இல் ஆங்கிலேயர் படைமுகாமை நிறுவியபோது, சிப்பாய்களாகவும் கொத்தர்களாகவும் வணிகர்களாகவும் பணியாளர்களாகவும் தமிழ் பேசுவோர் பெருமளவில் வந்தனர். பேட்டையில் கன்னடமும் தெலுங்கும் ஒலித்தன. முகாமில் தமிழும் உருதுவும் ஒலித்தன. 1949-இல் இரண்டும் ஒரே மாநகராட்சியாயின. விடுதலைக்குப் பின் பொதுத்துறை ஆலைகளும், 1990களிலிருந்து மென்பொருள் நிறுவனங்களும் நகரை விரித்தன. நகரத் திரளின் மக்கள்தொகை 1991-இல் சுமார் 41 லட்சம். 2001-இல் 57 லட்சம். 2011-இல் 85 லட்சம். இருபதாண்டுகளில் இரண்டு மடங்கான நகருக்கு மண் சுமந்தவர்களும் தார் ஊற்றியவர்களும் ராய்ச்சூர், கல்புர்கி போன்ற வட கர்நாடகப் பகுதிகளிலிருந்தும், தெலங்கானாவின் பாலமூரிலிருந்தும், தமிழ்நாட்டின் தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம், வட ஆர்க்காட்டுப் பகுதிகளிலிருந்தும் வந்தவர்கள். பெரும்பாலும் மானாவாரி நிலத்தவர்கள். மழை பொய்த்தால் நகருக்கு வருபவர்கள்.

ஷீலா கௌடாவின் படைப்பு தமிழரைப் பற்றியது என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வது அதைச் சுருக்குவதாகும். ஆனால் அந்தக் குடிசைகளின் வரிசையில் தமிழ் ஒலித்தது என்பது வரலாற்றின் பகுதி. 1991 டிசம்பரில் காவிரிப் பிணக்கை ஒட்டி மூண்ட வன்முறையில், பெங்களூரின் தமிழ் உழைப்பாளர் குடியிருப்புகள் தாக்கப்பட்டன. ஆயிரக்கணக்கானோர் ஊர் திரும்பினர். அவர்களில் பலர் மீண்டும் வந்தனர். அந்த நாட்களில் இரு மொழிகளும் எதிரெதிரே நிறுத்தப்பட்டன. கூலிக்காரர்களின் கருவிப் பெயர்களோ அதற்கு முன்பும் பின்பும் ஒன்றையொன்று தொட்டபடியே இருக்கின்றன. அதை இரண்டு எடுத்துக்காட்டுகளால் விளக்க விரும்புகிறேன்.

முதலாவது, சாந்துச் சட்டி. தார் டிரம்முக்கு வீடாவதற்கு அப்பாலும் ஒரு மறுபிறவி உண்டு. நிமிர்த்திய தகட்டில் வட்டங்களை வெட்டி, அவற்றை அழுத்திக் குழிவாக்கினால், மண்ணும் கலவையும் சுமக்கும் சட்டி கிடைக்கும். தமிழ்நாட்டுக் கட்டட வேலையில் சாந்துச் சட்டி என்றும் பாண்டு என்றும் சொல்வோம். கர்நாடகத்தில் அது ‘பாண்ட்லி’. 2017-இல் பர்மிங்ஹாம் இகான் காட்சிக்கூடத்தில் ஷீலா கௌடா வைத்த ‘வாட் யெட் ரிமெய்ன்ஸ்’ என்ற படைப்பு இந்தச் சட்டிகளையும், வட்டங்கள் வெட்டப்பட்ட தகடுகளையும் மையமாகக் கொண்டது. எஞ்சியிருப்பது என்ன என்று தலைப்பு கேட்கிறது. வட்டங்கள் போன தகட்டில் எஞ்சியிருப்பது துளைகள். சட்டியானவை எங்கோ ஒரு பெண்ணின் சும்மாட்டின் மேல் இருந்திருக்க வேண்டியவை.

சமையலறைச் சட்டிக்குத் தமிழில் வாணலி என்று பெயர், கன்னடத்தில் பாணலெ. தமிழின் சொல்முதல் வகரம் கன்னடத்தில் பகரமாக ஒலிப்பது நன்கறிந்த விதி: வேர்–பேரு, வாழை–பாளெ, வாய்–பாய். இரும்புச் சட்டி ஒன்றின் பெயர் இரு மொழிகளிலும் ஒரே வேரிலிருந்து கிளைத்து நிற்கிறது. ஆனால் சாலையில் ஊற்றும் பொருளுக்கு வந்தால் வழிகள் பிரிகின்றன. நாம் ஆங்கிலத்திலிருந்து ‘தார்’ என்று எடுத்துக்கொண்டோம். கன்னடத்தில் அது ‘டாம்பரு’, மராத்தியில் ‘டாம்பர்’. இச்சொல்லை மரப்பிசினைக் குறிக்கும் மலாய்ச் சொல்லோடு தொடர்புபடுத்துவர். அதன்படி, கப்பல் பலகைகளின் இடுக்கை அடைத்த பிசினின் பெயர்தான் கடலிலிருந்து கரையேறிச் சாலைக்கு வந்திருக்கிறது. மண் சுமக்கும் கருவிக்கு வீட்டுச் சொல். நவீனச் சாலைக்கு வந்தேறிய சொல்.

இரண்டாவது, ஆட்டுக்கல். பெங்களூரின் பழைய குடியிருப்புகளில் நடப்பவர்கள், மரத்தடியில் உடைந்த சாமிப் படங்களுக்கு அருகே ஆட்டுக்கல் கிடப்பதைக் கண்டிருப்பார்கள். பழைய வீடுகளில் அது சமையலறைத் தரையில் பதிக்கப்பட்டிருந்தது. வீடு இடிக்கப்பட்டு அடுக்குமாடி எழும்போது கல் வெளியே வருகிறது. வீட்டில் வைத்துக்கொள்ள இடமில்லை, உடைக்க மனமில்லை. பல தலைமுறைக்கு உணவிட்ட கல்லை உடைப்பது ஆகாது என்ற நம்பிக்கை இன்னும் இருக்கிறது. உரலில் உட்காரக் கூடாதென்று நம் பாட்டிமார் கண்டித்ததும் அதே மரியாதையால்தான். ஆகவே கல் குப்பையும் ஆகாமல், பொருளும் ஆகாமல், தெருமுனையில் காத்திருக்கிறது.

அப்படிக் கைவிடப்பட்ட கற்களில் ஏறத்தாழ 170-ஐப் பெங்களூரில் திரட்டி, ஷீலா கௌடாவும் கிறிஸ்டோஃப் ஷ்டோர்ட்ஸும் 2012-இல் முதலாவது கொச்சி-முசிரிஸ் பினாலேக்குக் கொண்டுசென்றனர். ‘ஸ்டாப் ஓவர்’ என்பது அதன் பெயர். வழியில் தங்கிச் செல்லுதல் என்று பொருள். ஒருகாலத்தில் மிளகும் மஞ்சளும் கப்பலேறிய ஆஸ்பின்வால் மாளிகையின் நீர்முகத்தில் அக்கற்கள் சிதறிக் கிடந்தன. நறுமணப் பொருள்களின் உலக வாணிகம் நடந்த துறைமுகத்தில், அவற்றை அரைத்த கற்கள் ஊரற்ற பயணிகளாய் நின்றன.

தமிழில் உரல், கன்னடத்தில் ஒரளு. தமிழில் அகரத்துக்கு முன் வரும் உகரமும் இகரமும் கன்னடத்தில் ஒகரமாகவும் எகரமாகவும் நிற்பதற்கு இது நல்ல சான்று. குடை–கொடெ, புகை–ஹொகெ, இலை–எலெ என்று அடுக்கலாம். உரலுக்கு உரிய பாட்டும் நம்மிடம் உண்டு. சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதை வள்ளைப்பாட்டை ஓர் இலக்கிய வடிவமாகவே கொண்டிருக்கிறது. ஆட்டுக்கல்லை இடம்பெயர்த்த இயந்திரமும் தமிழ் நிலத்திலிருந்தே கிளம்பியது. 1950களில் கோயம்புத்தூரில் ப. சபாபதி உருவாக்கிய மாவாட்டும் இயந்திரத்தின் வழித்தோன்றல்கள் இன்று கோயம்புத்தூர் வெட் கிரைண்டர் என்ற பெயரில் புவிசார் குறியீடு பெற்றிருக்கின்றன. விடியலில் இரண்டு மணி நேரம் கைசுழற்றிய பெண்களுக்கு அது விடுதலை. அதை எவரும் குறைத்துப் பேச முடியாது. ஆனால் கல்லோடு சேர்ந்து குழவி, குழி, தள்ளி விடுதல், வழித்தெடுத்தல் என்ற சொற்களும் மெல்ல வீட்டைவிட்டு வெளியேறின.

மேலும் ஒரு பொருளைச் சொல்லியாக வேண்டும். 2009 வெனிஸ் பினாலேயில் ‘பிஹோல்ட்’ என்ற படைப்பில், சுமார் 4,000 மீட்டர் தலைமுடிக் கயிறும், பளபளக்கும் 20 கார் பம்பர்களும் சுவரில் தொங்கின. இன்று அது லண்டன் டேட் அருங்காட்சியகத்தின் தொகுப்பில் உள்ளது. பெங்களூரில் வண்டிகளின் முன்புறம் கட்டும் கறுப்புத் திருஷ்டிக் கயிறு அது. கோயில்களில் முடிகாணிக்கையாக விழும் முடியில் நீளமானது சவுரிக்கும் ஏற்றுமதிக்கும் போகிறது. மிஞ்சும் குட்டை முடி கயிறாகத் திரிக்கப்படுகிறது. வேண்டுதலாக இறங்கிய முடி காவலாக வண்டியேறுகிறது. ஒரு பெண் தன் குழந்தையின் காய்ச்சல் தணிந்ததற்குக் கொடுத்தது, முன்பின் அறியாத ஒருவரின் வண்டியைக் காக்கிறது. தமிழின் கூந்தலும் கன்னடத்தின் கூதலும் உறவுச் சொற்களே.

எறியப்பட்ட பொருளைக் கலையாக்கும் முறை புதிதன்று. ஜெர்மானியக் கலைஞர் குர்ட் ஷ்விட்டர்ஸ் 1919 அளவில் பேருந்துச் சீட்டுகளையும் கிழிந்த தாள்களையும் ஒட்டிப் படைத்தவற்றுக்கு ‘மெர்ட்ஸ்’ என்று பெயரிட்டார். வணிக வங்கி ஒன்றின் அச்சிட்ட பெயரிலிருந்து கிழிந்த துண்டு அந்தச் சொல். பெயரே ஒரு கழிபொருள். இத்தாலியில் 1967-இல் ‘ஏழைக் கலை’ என்று பொருள்படும் ‘ஆர்த்தே போவெரா’ இயக்கத்துக்குப் பெயர் சூட்டப்பட்டது. நம் நாட்டில் நேக் சந்த், உடைந்த பீங்கானாலும் வளையல் துண்டுகளாலும் சண்டிகரில் எழுப்பிய பாறைத் தோட்டம் 1976-இல் திறக்கப்பட்டது. மேற்கத்தியக் கலை வரலாறு இவ்வகைப் பொருளைக் ‘கண்டெடுத்த பொருள்’ என்று அழைக்கும். பெங்களூரின் தார் டிரம்மை அப்படி அழைக்க எனக்குத் தயக்கம் உண்டு. கலைஞர் கண்டெடுப்பதற்கு முன்பே அதைக் கூலிக்குடும்பம் கண்டெடுத்துவிட்டது. வெட்டியது, நிமிர்த்தியது, வீடாக்கியது. சட்டி செய்பவர் இரண்டாம் முறை கண்டெடுத்தார். கலைஞர் மூன்றாமவர். அந்த வரிசையை ஷீலா கௌடா மறைக்கவில்லை என்பதே அவர் படைப்பின் நேர்மை. அவர் குடிசையைப் படமெடுத்துச் சுவரில் மாட்டவில்லை. பார்வையாளரைக் குனிய வைத்து உள்ளே அனுப்புகிறார்.

ஆனாலும் காட்சிக்கூடத்துக்கு ஒரு வழக்கம் இருக்கிறது. படைப்பின் அருகில் சிறு அட்டையில் பொருள்களின் பட்டியல் இருக்கும்: உலோகம், நிலக்கீல், கருங்கல், மனித முடி. வேதியியல் நோக்கில் அனைத்தும் சரி. வரலாறு மட்டும் அங்கே விடுபட்டுப்போகிறது. கருங்கல் என்றால் மலை நினைவுக்கு வரும். ஆட்டுக்கல் என்றால் ஒரு கை நினைவுக்கு வரும். முடி என்றால் உடல். முடிகாணிக்கை என்றால் ஒரு துயரமும் அதன் தீர்வும். பொருளைக் கலைஞர் மீட்டுவிட்டார். பெயரை மீட்பது மற்றவர்களின் வேலை. அது மொழி வரலாற்றைப் பயில்வோருக்குக் குறிப்பாக உரியது.

‘காகெபங்கார’ என்று அவர் கன்னடத்திலேயே தலைப்பிட்டதை இந்தப் பின்னணியில்தான் பார்க்கிறேன். அதை மொழிபெயர்க்காமல் உலகக் காட்சிக்கூடங்களுக்கு அனுப்பினார். அங்கே அது விளங்காத ஒலி. தருமபுரியிலிருந்து வந்து தார் ஊற்றிய ஒருவருக்கு அதை வாய்விட்டுச் சொல்லிக் காட்டினால், விளக்கம் தேவைப்படாது. “எங்க ஊர்ல காக்காப்பொன்னும்பாங்க” என்பார்.

நிறைவாக ஒரு வேண்டுகோள். கட்டட வேலையில் கலவை சுமக்கும் சட்டிக்கும், வண்டியில் கட்டும் முடிக்கயிற்றுக்கும், தார்த் தகட்டால் ஆன குடிசைக்கும் உங்கள் ஊரில் என்ன பெயர்? வேலை செய்தவர்களிடம் கேட்டு, ஊர்ப் பெயரோடு எழுதுங்கள். அந்தக் குடிசைகள் அகற்றப்பட்டுவிட்டன; நிலம் சமன்செய்யப்பட்டுவிட்டது. பெயர்கள் இன்னும் சிலர் வாயில் இருக்கின்றன.